கல்லூரி நூலகத்தில் பேசிப் படிக்கவும் ஓர் அறை வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கைப்பேசியிலேயே எல்லாப் புத்தகங்களும் கிடைத்துவிடும் காலத்தில் கல்லூரி நூலகத்துக்கென்று கட்டடமும் ஆளும் நிதியும் எதற்கு என்ற கேள்வி, ஆசிரியர் கூட்டங்களிலும் நிர்வாகக் குழுக்களிலும் இப்போது வெளிப்படையாகவே எழுப்பப்படுகிறது. கலை அறிவியல் கல்லூரிகளில் நெடுங்காலம் கணிதம் கற்பித்த அனுபவத்தில் சொல்கிறேன்: இந்தக் கேள்வி நூலகத்தைப் புத்தகக் கிடங்காக மட்டுமே எண்ணிக் கேட்கப்படுகிறது. மாணவர்கள் சேர்ந்து உட்கார்ந்து, ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுத்துப் படிக்கும் இடமாக அதை எண்ணிப் பார்த்தால், அதன் தேவை முன்பைவிடக் கூடியிருக்கிறதே தவிரக் குறையவில்லை.

புத்தகம் மாணவரின் கைக்கு வந்துவிட்டது என்பதை நான் மறுக்கவில்லை. பல்கலைக்கழக மானியக் குழுவின் கீழ் காந்திநகரில் இயங்கும் இன்ஃப்ளிப்நெட் மையம் நடத்தும் என்-லிஸ்ட் திட்டத்தில் சேர்ந்த கல்லூரிகளின் மாணவர்கள், நூலகர் பெற்றுத்தரும் பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் கொண்டு மின்னூல்களையும் ஆய்விதழ்களையும் வீட்டிலிருந்தே படிக்கலாம். 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்துக்கு 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. 30 பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 ஆய்விதழ்களை மத்திய, மாநில அரசுக் கல்வி நிறுவனங்கள் படிக்க வழிசெய்யும் இத்திட்டத்துக்கு மூன்று ஆண்டுகளுக்கென ரூ.6,000 கோடி ஒதுக்கப்பட்டுள்ளது. இவ்வளவும் வந்த பிறகும் ஒரு மாணவருக்குக் கிடைக்காமல் இருப்பவை, நால்வர் சுற்றி உட்காரத் தக்க ஒரு மேசை, எழுதிக் காட்ட ஒரு பலகை, ஐயம் வந்தால் கேட்கப் பக்கத்தில் ஒரு வகுப்புத் தோழர், எதை எங்கே தேடுவது என்று காட்ட ஒரு நூலகர் ஆகியவைதாம். குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்த பிள்ளைகளில் பலருக்கு வீட்டில் தனி அறை கிடையாது. பாடத்தைப் பற்றிப் பேச அங்கு ஆளும் இல்லை. அவர்களுக்கு இவை கிடைக்க வேண்டிய இடம் கல்லூரி நூலகமே.

ஆனால் நம் நூலகங்களின் நடைமுறை அவர்களை வெளியே அனுப்புவதாகவே இருக்கிறது. பருவத் தேர்வு நெருங்கிய ஒரு நாளில், கல்லூரியொன்றின் நூலகத்தில் இரண்டாமாண்டு மாணவியர் மூவர் கணிதப் பகுப்பாய்வுப் பாடத்தின் குறிப்பேட்டை விரித்து வைத்திருந்தனர். ஒருங்கும் தொடர்வரிசை, அதாவது ஓர் எண்ணை மேன்மேலும் நெருங்கும் எண்களின் வரிசை, எதுவும் வரம்புடையதே என்ற தேற்றத்தின் நிறுவலில், தொடக்கத்திலுள்ள சில உறுப்புகளை மட்டும் ஏன் தனியாகக் கையாள வேண்டும் என்பதை ஒருவர் மற்ற இருவருக்கும் விளக்கிக்கொண்டிருந்தார். சொல்லச் சொல்ல அவருக்கே ஓரிடத்தில் ஐயம் எழுந்தது. மீண்டும் முதல் வரிக்குப் போனார். கணிதம் மனத்தில் பதிவது பெரும்பாலும் இப்படித் தடுமாறித் திரும்பும் இடத்தில்தான். அதற்குள் நூலக உதவியாளர் வந்து, இங்கே பேசக்கூடாது என்றார். விதிப்படி அவர் சொன்னது சரி. மூவரும் குறிப்பேட்டை மூடிக்கொண்டு மாடிப்படியில் போய் உட்கார்ந்தனர். ஏறி இறங்குவோருக்கு வழிவிட எழுந்து எழுந்து உட்கார்ந்ததில் அந்த நிறுவல் பாதியிலேயே நின்றது. இத்தகைய காட்சியைக் காணாத கல்லூரி ஆசிரியர் எவரும் இருக்கமாட்டார் என்று நினைக்கிறேன். மரத்தடி, வராந்தா, ஜெராக்ஸ் கடை வாசல் என்று நம் மாணவர்கள் சேர்ந்து படிக்கும் இடங்கள் எல்லாமே நூலகத்துக்கு வெளியில் இருக்கின்றன.

நூலகம் காலத்துக்கேற்ப மாற வேண்டும் என்பது நம் மண்ணுக்குப் புதிய கருத்தன்று. மாநிலக் கல்லூரியில் கணித ஆசிரியராக இருந்து, 1924இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகராகப் பொறுப்பேற்ற எஸ்.ஆர். ரங்கநாதன், 1931இல் வெளியான தம் நூலகவியலின் ஐந்து விதிகளில் முதலாவதாக நூல்கள் பயன்பாட்டுக்கே என்றும், ஐந்தாவதாக நூலகம் வளரும் தன்மையது என்றும் வகுத்தார். ஒவ்வொரு நூலுக்கும் உரிய வாசகர் கிடைக்க வேண்டும் என்ற மூன்றாம் விதியை நிறைவேற்றும் வழிகளுள் முதன்மையானதாக, வாசகர் தாமே சென்று எடுத்துப் பார்க்கத்தக்க திறந்த அடுக்குகளை அவர் வலியுறுத்தினார். அவர் எழுதி ஏறத்தாழ நூறாண்டு ஆகப்போகிறது. இன்றும் கண்ணாடிக் கதவிட்டுப் பூட்டிய அலமாரிகளைக் கொண்ட கல்லூரி நூலகங்கள் இருப்பது எனக்கு வேதனையளிக்கிறது.

இதற்கு நூலகர்களைக் குறை சொல்வதில் பயனில்லை. ஆண்டு இருப்புச் சரிபார்ப்பில் ஒரு புத்தகம் குறைந்தாலும் விளக்கம் எழுத வேண்டியவர் அவர். பணி ஓய்வு பெறும் நாளில் கணக்கை ஒப்படைக்கவும் அவர்தான் பதில் சொல்ல வேண்டும். இந்த அச்சம் இருக்கும்வரை அலமாரிகள் திறக்கப்படமாட்டா. பை உள்ளே வராது. கூட்டமாக மாணவர் உட்காரவும் அனுமதி கிடைக்காது. மத்திய அரசின் 2017ஆம் ஆண்டுப் பொது நிதி விதிகளில் 215ஆவது விதி, ஓராண்டில் வழங்கப்பட்ட அல்லது பார்வையிடப்பட்ட 1,000 நூல்களுக்கு 5 நூல்கள் வரை இழப்பு நேர்வதை, அதில் நேர்மையின்மையோ கவனக்குறைவோ இல்லாதபோது இயல்பானதாகவே ஏற்கிறது. இத்தகைய தெளிவான வரம்பு நம் கல்லூரி நூலகர் ஒவ்வொருவருக்கும் எழுத்து வடிவில் தரப்பட வேண்டும். நாற்காலி மேசையை மாற்றுவதற்கு முன்பு செய்ய வேண்டியது இதுவே.

அமைதியை நாடி வருவோரின் உரிமையும் எனக்குத் தெரியும். டிஎன்பிஎஸ்சி தேர்வுக்கும், கல்லூரி ஆசிரியர் தகுதித் தேர்வுகளான நெட், செட் தேர்வுகளுக்கும் படிப்பவர்களுக்குப் பக்கத்து மேசைப் பேச்சு பெரும் இடையூறு. ஒரே கூடத்தில் இரண்டையும் வைத்தால் இரண்டும் கெடும். ஆகவே நான் கேட்பது, இருக்கும் வாசிப்புக் கூடத்தில் பேச அனுமதிப்பதை அன்று. கதவுள்ள தனி அறையை. பல நூலகங்களில் பழைய ஆய்விதழ்களின் கட்டுத் தொகுதிகளும், மாறிப்போன பாடத்திட்டத்துக்கான பாடநூல்களின் ஒரே பதிப்பின் பல பிரதிகளும் ஓர் அறை முழுவதையும் அடைத்துக்கொண்டிருக்கின்றன. அரிய தமிழ் நூல்களையும் பழைய இதழ்களையும் எக்காரணம் கொண்டும் தொடாமல், மின்வடிவில் உறுதியாகக் கிடைப்பவற்றையும் தேவைக்கு மிஞ்சிய பிரதிகளையும் மட்டும் துறை ஆசிரியர்களின் பரிந்துரையோடு கழித்தால் இடம் கிடைத்துவிடும். அந்த அறையில் வட்டமாகப் போட்ட நாற்காலிகள், ஒரு எழுதுபலகை, கைப்பேசிக்கும் மடிக்கணினிக்கும் மின்இணைப்பு, சொந்தப் புத்தகத்தைக் கொண்டுவர அனுமதி ஆகியவை இருந்தால் போதும். சென்னைக் கோட்டூர்புரத்தில் 2010இல் திறக்கப்பட்ட அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் சொந்த நூல்களைக் கொண்டுவந்து படிப்பதற்கென்றே தனிப்பகுதி இருக்கிறது. அங்கு இடம் பிடிக்க இளைஞர்கள் காலையிலேயே வந்துவிடுகிறார்கள். பொது நூலகத்தில் முடிந்தது கல்லூரியில் முடியாமல் போகக் காரணம் இல்லை.

நேரமும் மாற வேண்டும். இரண்டு ஷிப்டுகளாக வகுப்பு நடக்கும் அரசுக் கல்லூரிகளில், முதல் ஷிப்டு மாணவர்கள் வகுப்பு முடிந்து வரும் வேளையும் இரண்டாம் ஷிப்டு மாணவர்கள் வகுப்புக்கு முன்னால் வரும் வேளையும் நூலகத்துக்கு மிக முக்கியமானவை. சரியாக அந்த நேரத்தில் உணவு இடைவேளைக்காக நூலகம் மூடப்பட்டால், ஊர்ப் பேருந்தைப் பிடிக்க வேண்டிய மாணவர் நூலகத்தைப் பார்க்காமலேயே மூன்றாண்டுகளைக் கழித்துவிடுகிறார். இதற்கு ஆள் வேண்டும். நூலகர் பணியிடம் காலியாக இருக்கும்போது ஏதேனும் ஒரு துறை ஆசிரியரைக் கூடுதல் பொறுப்பில் அமர்த்துவது, கதவைத் திறந்து மூட மட்டுமே உதவும். எந்தச் செய்தி நம்பத்தக்கது, செயற்கை நுண்ணறிவுக் கருவி தந்த விடையை எப்படிச் சரிபார்ப்பது, மேற்கோளை எப்படிக் குறிப்பது என்று மாணவர்களோடு உட்கார்ந்து காட்ட, பயிற்சி பெற்ற நூலகர் வேண்டும்.

கல்லூரிகளுக்குத் தரச்சான்று வழங்கும் தேசிய அமைப்பான நாக், தரமதிப்பீட்டுக்காகக் கேட்கும் விவரங்களில், நாளொன்றுக்கு எத்தனை ஆசிரியர்களும் மாணவர்களும் நூலகத்தைப் பயன்படுத்தினர் என்பதும் ஒன்று. அதற்காக நுழைவுப் பதிவேட்டில் கையெழுத்துச் சேர்ப்பதில் காட்டும் கவனத்தில் ஒரு பகுதியையேனும், உள்ளே வந்தவர் என்ன செய்தார் என்பதில் கல்லூரிகள் காட்ட வேண்டும்.

கல்லூரிக் கல்வி இயக்ககத்துக்கு என் வேண்டுகோள் இதுதான்: வரும் கல்வியாண்டிலேயே மாவட்டத்துக்கு ஓர் அரசுக் கல்லூரியைத் தேர்ந்து, அதன் நூலகத்தில் குழுவாகப் படிக்கும் அறை ஒன்றை அமைத்து, அதன் நேரத்தையும் விதிகளையும் முடிவுசெய்யும் குழுவில் மாணவர் இருவரையாவது சேர்த்து, ஓராண்டு நடத்திப் பார்க்க ஆணையிட வேண்டும். நூலிழப்புக்கான வரம்பு அந்த ஆணையிலேயே இடம்பெற வேண்டும்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற கணிதப் பேராசிரியர்,
விழுப்புரம்.