வரலாற்று ஸ்ட்ரேடஜி கேம் செய்யிற ஆக்களுக்கு யாழ்ப்பாணத்தில இருந்து ஒரு மடல்

வணக்கம். பள்ளிக்கூடம் போற காலத்தில இருந்து உங்கட கேமுகள் விளையாடிக் கொண்டு வாற ஆள் நான். பேர் சொன்னா ஒரு கேமை மட்டும் குறை சொல்லுறன் எண்டு நினைப்பியள், அதால சொல்லேல்ல. இது கனபேருக்குப் பொதுவான விசயம்.

போன கிழமை யாழ்ப்பாண இராச்சியத்தை எடுத்து விளையாடினன். மேப்பில ஒரு சின்னப் புள்ளி, ஆனா எங்கட புள்ளி. போர்த்துக்கேயர் வந்து அடிச்சுப் பிடிச்சிட்டாங்கள், அது பரவாயில்லை, 1619ல உண்மையிலயும் அதுதானே நடந்தது. பிறகு கலாசார மாற்றம் எண்டு ஒரு கோடு நிரம்பத் தொடங்கிச்சு, நிரம்பி முடிய நிறம் மாறி, தமிழ் எண்டு இருந்த இடத்தில போர்த்துகீஸ் எண்டு வந்து நிண்டுது. அவ்வளவுதான், மிச்சம் ஒண்டும் இல்லை.

அந்த நேரம் பாத்து அம்மம்மா குசினிக்குள்ள இருந்து கூப்பிடுறா, "தம்பி, மேசையில அலுமாரிச் சாவி கிடக்கு, எடுத்துக் கொண்டு வா, பாண் வாங்கக் காசு தாறன்" எண்டு. எனக்கு அப்பிடியே கை நிண்டுட்டுது. குசினி, மேசை, அலுமாரி, சாவி, பாண், எல்லாம் போர்த்துக்கேயர் விட்டுட்டுப் போன சொல்லு. காசு எங்கட சொல்லு, அதை அவங்கள் தங்கட வாய்க்கு ஏத்த மாதிரி மாத்திக் கொண்டு போனவங்கள். இவ்வளவையும் சொல்லுற மனிசி நெத்தியில மூண்டு குறி திருநீறு பூசிக்கொண்டு நல்லூர் 25 நாள் திருவிழாவுக்கும் விரதம் பிடிக்கிற ஆள். அந்த நல்லூர்க் கோயிலை 1621ல இடிச்சதும் அதே போர்த்துக்கேயர்தான். இவவை நீங்கள் எந்த நிறத்தில போடுவியள்? சொல்லுங்கோ.

எங்கட கோரிக்கை ஒண்டுதான். ஒரு மாகாணத்துக்கு ஒரு கலாசாரம் எண்டுற முறையை விடுங்கோ. பேச்சு, சமயம், சட்டம், சாப்பாடு, தொழில் எல்லாத்தையும் வேற வேறயா வையுங்கோ, ஒவ்வொண்டும் தன்ர வேகத்தில மாறட்டும், சிலது மாறாமலே கிடக்கட்டும்.

சட்டத்தையே பாருங்கோ. 1658ல ஒல்லாந்தர் வந்தவை, அலுவலகத்துக்கு நாங்கள் சொல்லுற கந்தோர் எண்ட சொல்லு அவையின்ரதான், ஆனா எங்கட வழமையை அழிக்கேல்ல, 1707ல தேசவழமை எண்டு எழுதி வைச்சவை, இண்டைக்கும் பங்குக் காணியில தன்ர பங்கை விக்கிறவர் மற்றப் பங்காளிக்கு முதல் அறிவிக்கோணும். பிடிச்சவன் பிடிபட்டவன்ர சட்டத்தை எழுதிக் காப்பாத்தின மாதிரி ஒரு சம்பவம் உங்கட எந்தக் கேமில வரும்?

ஆறுமுக நாவலர் கதை இன்னும் பெரிசு. மிசன் பள்ளிக்கூடத்தில படிச்சு, பேர்சிவல் பாதிரியாரோட பைபிள் மொழிபெயர்ப்பில வேலை செய்த மனிசன், அங்க பழகின பள்ளிக்கூட முறை, அச்சுக்கூடம், பிரசங்கம் எல்லாத்தையும் எடுத்துக் கொண்டு 1848ல வண்ணார்பண்ணையில சைவப் பள்ளிக்கூடம் துவங்கினவர். கடன் வாங்கினது மற்றவேன்ரயாய் மாறுறதுக்கு இல்லை, தானாய் நிக்கிறதுக்கு. உங்கட கணக்கில கடன் வாங்கினா அந்தப் பக்கம் சாய்ஞ்ச மாதிரித்தான், எனக்கு உண்மையா ஆத்திரம் வாற இடம் இதுதான்.

செய்யேலாது எண்டு சொல்லாதேங்கோ. 2022ல க்ரூசேடர் கிங்ஸ் 3 எண்ட கேமுக்கு ரோயல் கோர்ட் எண்ட மேலதிகப் பகுதி வந்தேக்க ரெண்டு கலாசாரம் கலந்து புதுசு உருவாகிற வழியைத் தந்தவை, அது நல்ல தொடக்கம். அதுக்குப் பிறகும் சில கேமில ஒரு யுகம் முடிய ஒரு சனத்தையே கழட்டி வைச்சிட்டு வேற சனத்தைக் கொழுவச் சொல்லுறியள். சனம் என்ன சட்டையே? சின்னச் சனங்களுக்குத்தான் இதில கூட அடி விழுகுது, பெரிய பேரரசு எப்பிடியும் மேப்பில நிக்கும், நாங்கள் ஒரு கோடு நிரம்ப இல்லாமல் போறம்.

கோவத்தில கொஞ்சம் கூடக் கதைச்சிட்டன், பொறுத்துக் கொள்ளுங்கோ. அடுத்த அப்டேட்டில அந்தக் கோட்டை எடுத்துப்போட்டு, பேச்சையும் சமயத்தையும் சட்டத்தையும் தனித்தனியா பிரிச்சு விடுங்கோ, தயவுசெய்து. சொற்கள், வழமைகள் எண்டு ஏதும் தேவைப்பட்டா கேளுங்கோ, அம்மம்மாவைப் பக்கத்தில இருத்தி நான் எழுதித் தாறன்.

நன்றி.