டிராக் காரின் கியர்பாக்ஸை யார் பிரித்துக் கட்டுவது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த ஞாயிறு இணைப்பில், நேர்த்தடத்தில் குறுகிய தூரம் ஓடும் அமெரிக்க டிராக் பந்தயங்களைப் பற்றி வெளியான தொடர்க் கட்டுரையில், வார இறுதிகளில் சொந்தக் காரை ஓட்டுபவர்கள் கியர்பாக்ஸைத் தாங்களே பிரித்துக் கட்டிக்கொள்வதால் பெருஞ்செலவு மிச்சமாகிறது என்றும், துணிச்சலும் ஒரு வீடியோவும் இருந்தால் நிபுணர் தேவையில்லை என்றும் எழுதப்பட்டிருந்தது. ஒஹாயோ மாநிலத்தில் இத்தகைய கார்களின் கியர்பாக்ஸ் வேலையில் பல ஆண்டுகளாக ஈடுபட்டு வருபவன் என்ற முறையில், சொந்தக் கையால் செய்வதை நானும் முழு மனத்தோடு ஆதரிக்கிறேன். ஆனால் அதற்குக் கட்டுரை சொன்ன காரணம் சரியில்லை. சொல்லாமல் விட்ட செய்தியோ ஓட்டுநரின் உடலைப் பற்றியது. ஆகவே இக்கடிதம்.

எந்தக் கியர்பாக்ஸைப் பற்றிப் பேசுகிறோம் என்பது முதலில் தெளிவாக வேண்டும். கட்டுரையோடு படமாக வந்திருந்த, இப்பந்தயத்தின் மிக வேகமான பிரிவான டாப் ஃப்யூயல் கார்களில் கியர் மாற்றும் பெட்டியே கிடையாது. பல தட்டுகள் கொண்ட கிளட்ச் படிப்படியாகப் பிடித்து இன்ஜினின் ஆற்றலைப் பின்சக்கரங்களுக்குக் கொண்டுசெல்கிறது. சொந்தமாகப் பிரிக்கலாமா என்ற கேள்வி எழுவது உள்ளூர்த் தடங்களில் பிராக்கெட் பந்தயம் ஓடும் கார்களில்தான். அவற்றில் பெரிதும் காணப்படுபவை, செவர்லே 1950இல் அறிமுகப்படுத்தி 1973 வரை தயாரித்த இரண்டு கியர் ஆட்டோமேட்டிக் பெட்டியான பவர்கிளைடும், ஜெனரல் மோட்டார்ஸ் 1964இல் கொண்டுவந்த மூன்று கியர் ஆட்டோமேட்டிக் பெட்டியான டர்போ 400உம் ஆகும். குடும்பக் கார்களுக்காகச் செய்யப்பட்ட பவர்கிளைடு, உற்பத்தி நின்று அரை நூற்றாண்டு கடந்த பின்னும் பந்தயத் தடத்தில் நிலைத்திருக்கிறது. எடை குறைவு, உள்ளே சுழலும் பாகங்கள் குறைவு, ஓட்டம் முழுவதற்கும் ஒரே ஒரு கியர் மாற்றம் போதும் என்பவை அதற்குக் காரணங்கள். இன்று அதன் வெளிக்கூடு முதல் உள்தண்டு வரை எல்லாப் பாகங்களையும் பந்தயத்துக்கென்றே வலுப்படுத்திப் புதிதாகச் செய்து விற்கிறார்கள்.

பிராக்கெட் பந்தயத்தில் வேகத்தைவிட ஒரே சீராக ஓடுவதே முக்கியம். ஓட்டுநர் தம் கார் எத்தனை விநாடியில் கோட்டைத் தொடும் என்று முன்கூட்டியே அறிவிக்கிறார். அதைவிட விரைவாக ஓடிவிட்டால், எதிராளி தவறு செய்யாதவரை, தோல்விதான். விநாடியின் ஆயிரத்தில் ஒரு பங்குகூட வெற்றியைத் தீர்மானிக்கும் இந்த ஆட்டத்தில், கியர்பாக்ஸ் ஒவ்வோர் ஓட்டத்திலும் ஒரே மாதிரி நடந்துகொள்ள வேண்டும். புறப்படும் இடத்தில் காரைப் பிடித்து நிறுத்தும் டிரான்ஸ்பிரேக், முதல் கியரையும் ரிவர்ஸையும் ஒரே நேரத்தில் பிடிக்கவைத்துப் பெட்டியைப் பூட்டுகிறது. பொத்தானை விட்டதும் ரிவர்ஸ் கிளட்சிலுள்ள ஆயில் அழுத்தம் வடிந்து கார் பாய்கிறது. அந்த வடிதல் இன்று ஒரு விதமாகவும் நாளை வேறு விதமாகவும் இருந்தால், ஓட்டுநரின் திறமை அத்தனையும் வீண்.

சொந்தமாகப் பிரித்துக் கட்டுவதற்கு நான் காணும் காரணம் இங்கேதான் இருக்கிறது. பவர்கிளைடின் உள்ளே முதல் கியருக்கு ஒரு பேண்ட் (சுற்றி இறுக்கிப் பிடிக்கும் பட்டை), இரண்டாம் கியருக்கு ஒரு கிளட்ச் தொகுதி, ரிவர்ஸுக்கு இன்னொன்று, ஒன்றைச் சுற்றி ஒன்று சுழலும் பற்சக்கரங்களான ஒரு கிரகப்பல் தொகுதி, ஒரு பம்ப், ஆயிலை வேண்டிய இடத்துக்குத் திருப்பும் ஒரு வால்வ் பாடி ஆகியவையே முக்கியமானவை. பொறுமையுள்ள ஒருவரால் அவற்றைக் கற்றுக்கொள்ள முடியும். தம் கையால் பிரிப்பவர் கிளட்ச் தட்டின் நிறத்தைப் பார்க்கிறார். பேண்டின் எந்த ஓரம் அதிகம் தேய்ந்திருக்கிறது என்று பார்க்கிறார். ஆயில் தட்டில் படிந்திருக்கும் தூள் பித்தளையா இரும்பா என்று விரலில் தேய்த்துப் பார்க்கிறார். அடுத்த மாதம் கியர் மாறுவதில் சிறு தாமதம் தெரிந்தால் எங்கே தேட வேண்டும் என்பது அவருக்குத் தெரியும். மூடிய பெட்டியையும் ரசீதையும் மட்டும் வாங்கிவருபவருக்கு இந்த அறிவு கிடைப்பதில்லை.

ஆனால் இந்த அறிவு அளவெடுப்பதிலிருந்து வருவது, துணிச்சலால் வருவதில்லை. கிளட்ச் தொகுதியில் இடைவெளி குறைந்தால் முதல் கியரிலேயே தட்டுகள் உரசிக் கருகும். கூடினால் கியர் மாற்றம் பிந்தும். தண்டின் முன்பின் ஆட்டத்தை நுண்ணளவு காட்டும் டயல் கேஜ் வைத்துத்தான் பார்க்க வேண்டும். டர்போ 400இல் முன்பக்க ஆட்டம் 0.003 முதல் 0.024 அங்குலத்துக்குள் இருக்க வேண்டும் என்பது தொழிற்சாலை வகுத்த அளவு, அதைக் கையால் ஆட்டிப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. புதிய கிளட்ச் தட்டுகளை மாட்டுமுன் ஆயிலில் ஊறவைக்க வேண்டும். ரப்பர் சீலின் உதடு மடங்காமல் பிஸ்டனை உட்கார வைக்க வேண்டும். மூடுவதற்கு முன் ஒவ்வொரு கிளட்சுக்கும் காற்று கொடுத்து அது சரியாகப் பிடிக்கிறதா, பிறகு விடுகிறதா என்று சோதிக்க வேண்டும். இன்ஜினின் சுழற்சியை ஆயில் வழியாகப் பெட்டிக்குக் கடத்தும் கன்வெர்ட்டர், பம்பின் பல்லில் முழுவதும் உட்காராத நிலையில் போல்ட்டை முறுக்கி இழுத்தால், இன்ஜினை ஓட்டுவதற்கு முன்பே பம்ப் உடைந்துபோகும். வீடியோக்கள் இவற்றில் பலவற்றைக் காட்டவே செய்கின்றன. சீல் மடங்கியதைக் கண்டுபிடித்துச் சொல்ல மட்டும் அவற்றால் இயலாது; பக்கத்தில் அனுபவமுள்ள ஒருவர் நின்றால்தான் அது நடக்கும். முதல் முறை பிரிப்பவர், ஒரு நிபுணரின் பட்டறையில் அவர் கண்முன்னே, அவருக்குரிய கூலியைக் கொடுத்தே பிரிக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

செலவு மிச்சம் என்ற வாதம் பெரும்பாலும் நிற்பதில்லை. தட்டுகளும் சீல்களும் அடங்கிய கிட்டின் விலையை மட்டும் கணக்கிட்டால் லாபமாகத் தோன்றும். டயல் கேஜ், டார்க் ரெஞ்ச், பம்ப்பை இழுத்தெடுக்கும் கருவி, ஸ்பிரிங்கை அழுத்திப் பிடிக்கும் சாதனம் ஆகியவற்றையும் சேர்க்க வேண்டும். அத்துடன், ஒரு கிளட்ச் கருகினால் அதன் துகள் ஆயிலோடு சேர்ந்து கன்வெர்ட்டருக்குள்ளும் கூலருக்குள்ளும் போய்த் தங்கிவிடுகிறது. கூலரை வீட்டிலேயே கழுவிவிடலாம். கன்வெர்ட்டர் பற்றவைத்து மூடப்பட்ட பாகம். அதை லேத்தில் வெட்டித் திறந்து, சுத்தம் செய்து, இடைவெளி பார்த்து, மீண்டும் பற்றவைத்து, சமநிலை பார்த்துத் தரக்கூடிய பட்டறைக்கு அனுப்பியே ஆக வேண்டும். அந்தச் செலவைத் தவிர்க்க நினைத்துப் பழைய கன்வெர்ட்டரையே மாட்டியவர்களின் புதுத் தட்டுகள் அந்தப் பருவம் முடிவதற்குள் மறுபடி கருகியதை நான் பார்த்திருக்கிறேன்.

கட்டுரை தொடாமல் விட்டது பாதுகாப்பு. டிராக் பந்தய வரலாற்றில் டான் கார்லிட்ஸை விடத் தன் காரைத் தன் கையால் செய்வதில் பெயர் பெற்றவரைச் சொல்வது அரிது. அவரே உருவாக்கிவந்த இரண்டு வேக டிரான்ஸ்மிஷன் (கியர்பாக்ஸ்), 1970 மார்ச் 8 அன்று தெற்குக் கலிபோர்னியாவின் லயன்ஸ் தடத்தில், புறப்படும் கோட்டிலேயே வெடித்தது. கார் இரண்டாகப் பிளந்தது. அவர் தமது வலது பாதத்தின் ஒரு பகுதியை இழந்தார். இன்ஜினை ஓட்டுநருக்குப் பின்னால் வைக்கும் வடிவத்தை மருத்துவமனையில் இருந்தபடியே சிந்தித்து, அடுத்த ஆண்டே அத்தகைய காரில் வென்று காட்டினார். அன்று முன்னோடியாக நின்ற ஒருவர் புதியதொன்றைச் சோதிக்கும்போது ஏற்றுக்கொண்ட ஆபத்து அது. இன்று வார இறுதிப் பந்தயக்காரர் ஒருவர் அதே ஆபத்தைச் சில நூறு டாலர் மிச்சத்துக்காக ஏற்பதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. பவர்கிளைடின் பழைய வார்ப்பிரும்பு கிளட்ச் டிரம் (தட்டுகளைத் தாங்கிச் சுழலும் உருளை) இன்னும் பல கார்களில் இருக்கிறது. இறுதிக் கோட்டைக் கடந்த வேகத்தில் யாரேனும் நியூட்ரலுக்குத் தள்ளினால், அந்த டிரம் கட்டுமீறிச் சுழன்று சிதறக்கூடும். சாதாரண கார்களில் அந்தப் பெட்டி இருப்பது ஓட்டுநரின் கால்களுக்கு அருகில்.

அமெரிக்கப் பந்தய அமைப்பான என்எச்ஆர்ஏ, கால் மைலை 10.99 விநாடியிலோ அதற்கும் குறைவாகவோ ஓடும் ஆட்டோமேட்டிக் கார்களுக்கும், மணிக்கு 135 மைலைத் தாண்டுபவற்றுக்கும், பந்தயப் பாகங்களுக்குத் தரம் வகுக்கும் எஸ்எஃப்ஐ அமைப்பின் 4.1 தரச்சான்று பெற்ற டிரான்ஸ்மிஷன் கவசத்தைப் பொதுவாகக் கட்டாயமாக்கியிருப்பது இதனால்தான். அந்த வேகத்துக்குக் கீழே ஓடுபவர் தம் பெட்டியைத் தாமே பிரிக்கட்டும், தாராளமாகக் கற்றுக்கொள்ளட்டும். அந்த வேகத்துக்கு மேலே போகும்போது, எந்த டிரம், எந்தத் தண்டு, எந்தக் கூடு என்பதை அந்தக் குதிரைத்திறனில் பல பெட்டிகளைக் கட்டி, உடைந்தவற்றையும் திறந்து பார்த்த ஒருவர் தேர்ந்தெடுக்க வேண்டும். அப்படிப்பட்ட நிபுணரைத் தேடும்போது, வேலை முடிந்தபின் எடுத்த அளவுகளை எழுதிக் கொடுப்பாரா, கழற்றிய பழைய பாகங்களைத் திருப்பித் தருவாரா என்று கேட்டுப் பாருங்கள். இரண்டுக்கும் தயங்குபவரிடம் பெட்டியை விடாதீர்கள்.

இத்தொடரின் அடுத்த பகுதியில், கவச விதியையும், நியூட்ரலுக்குத் தள்ளக் கூடாது என்ற எச்சரிக்கையையும், கருகிய கிளட்சுக்குப் பின் கன்வெர்ட்டரைத் திறந்து சுத்தம் செய்ய வேண்டிய கட்டாயத்தையும் சேர்த்து வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
ஒஹாயோ, அமெரிக்கா.