நோட்டை ஒளிக்கச் சொல்லாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பாலக்காடு மாவட்டம் சித்தூர் வட்டத்தில் தமிழ் வழி மாணவர்களுக்கு நெடுங்காலம் இயற்பியல் கற்பித்து ஓய்வு பெற்றவன் நான். காய்ச்சலால் ஒரு வாரம் பள்ளிக்குப் போகாத பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி, தோழியிடம் நோட்டுக் கேட்டபோது, "யாருக்கும் கொடுக்கக் கூடாதென்று அம்மா சொல்லியிருக்கிறார்" என்ற பதிலைக் கேட்டு அழுதபடி வீடு திரும்பியதை அண்மையில் அறிந்தேன். கொடுக்க மறுத்த பிள்ளையைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஃபுல் ஏ பிளஸ், அதாவது எல்லாப் பாடங்களிலும் உயர்ந்த தரமான ஏ பிளஸ், வாங்கியவர்களின் படங்களை மட்டும் ஃபிளெக்ஸ் அடித்துச் சாலையோரம் நிறுத்தும் பெரியவர்களாகிய நாம்தான் அந்தப் பயத்தை ஊட்டியிருக்கிறோம்.

கேரள எஸ்.எஸ்.எல்.சி. தேர்வில் ஒரு பாடத்தில் 90 விழுக்காடும் அதற்கு மேலும் பெறும் அனைவருக்கும் ஏ பிளஸ்தான். இத்தனை பேருக்கு மட்டும் என்ற வரம்பு கிடையாது. ஆகவே தோழி வாங்கினால் தன் பிள்ளைக்குக் குறைந்துவிடும் என்று எந்தத் தாயும் அஞ்ச வேண்டியதில்லை. பிளஸ் ஒன் சேர்க்கையில் போட்டி உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. விரும்பிய பள்ளியில் ஓரிடம் தோழிக்குப் போய்விடவும் கூடும். அப்படியே போனாலும், காய்ச்சலில் கிடந்தவளுக்கு நோட்டை மறைத்துப் பெறும் இடம் நம் பிள்ளைக்கு வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. நீட் தேர்வை 2024-இல் எழுதியவர்கள் 23 லட்சத்துக்கும் மேல். அந்தக் கூட்டத்தில் பக்கத்துப் பெஞ்சுக்காரி ஒருத்தியை மட்டும் எதிரியாகக் கருதுவது எவ்வகையிலும் பொருந்தாது.

எல்லைப்புறத் தமிழ்ப் பிள்ளைகளின் நிலையை இங்கே தனியாகச் சொல்ல வேண்டும். பொள்ளாச்சிக் கடைகளில் விற்கும் வழிகாட்டி நூல்கள் தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்துக்கு உரியவை. பாலக்காட்டில் கிடைப்பவையோ பெரும்பாலும் மலையாளத்திலும் ஆங்கிலத்திலும் இருப்பவை. எனவே வகுப்பில் ஆசிரியர் சொல்லச் சொல்ல எழுதிய நோட்டுத்தான் இவர்களுக்குப் பெரிய துணை. பத்தாம் வகுப்புவரை இயற்பியலைத் தமிழில் படித்தவர்கள் பிளஸ் ஒன்னுக்குப் போனதும் அந்தப் பாடத்தையே ஆங்கிலத்தில் எதிர்கொள்கிறார்கள். அந்த முதல் சில மாதங்களில், வகுப்பு முடிந்த பிறகும் வராந்தாவில் உட்கார்ந்து, ஒரு பிள்ளை பொருள் சொல்ல மற்றவர்கள் தமிழில் குறித்துக்கொண்டதை ஆண்டுதோறும் பார்த்திருக்கிறேன். அந்த வராந்தா இல்லாமல் அவர்களில் பலர் தேறியிருக்க மாட்டார்கள்.

தேர்வறையில் விடைத்தாளைக் காட்டுவதையோ, பிறருடைய செயல்திட்டத்தைத் தானே எழுதிக் கொடுப்பதையோ நான் உதவி என்று சொல்லவில்லை. அது பெறுபவரையே கெடுக்கும்.

புதிய கல்வியாண்டில் கூடும் முதல் பெற்றோர் ஆசிரியர் சங்கக் (பி.டி.ஏ.) கூட்டத்திலேயே, விடுப்பெடுத்த மாணவருக்கு நோட்டுக் கொடுக்கவும் பாடம் சொல்லவும் ஒவ்வொரு வகுப்பிலும் இரண்டிரண்டு பேரை முறைவைத்து அமர்த்த வேண்டும் என்று தலைமையாசிரியர்களையும் பெற்றோரையும் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஆசிரியர்,
கொழிஞ்சாம்பாறை.