பேப்பர் வேலைய விடறத பத்தி

பாப்பா,

நீ ரிப்போர்ட்டர் வேலைய விட்டுட்டு அரசியல் படிக்கப் போறேன்னு சொன்னதுலேர்ந்து உங்கம்மா பொலம்பிக்கிட்டே கெடக்கறா, கைக்கு வர்ற சம்பளத்த யாராவது விடுவாங்களான்னு. எனக்கு அப்படித் தோணல.

நம்ம ஓசூர் பக்கம் தொரப்பள்ளியில பொறந்த ராஜாஜிய எல்லாருக்கும் தெரியும், அவர்கூட இருந்த கே.சந்தானத்த கேட்டா இங்க ஒருத்தருக்கும் தெரியாது. தஞ்சாவூர்காரரு, ஒத்துழையாமை இயக்கத்துல வக்கீல் தொழில விட்டவரு, 1933லேர்ந்து 1940 வரைக்கும் இந்தியன் எக்ஸ்பிரஸ் எடிட்டர், அப்புறம் ஹிந்துஸ்தான் டைம்ஸ், அரசியல் நிர்ணய சபை, ரயில்வே இணை மந்திரி, இப்ப மத்தியப் பிரதேசத்துல சேந்துட்ட பழைய விந்தியப் பிரதேசத்துக்கு லெப்டினன்ட் கவர்னர். பதவியெல்லாம் கெடக்கட்டும்.

1962ல லால் பகதூர் சாஸ்திரி ஊழல் தடுப்புக்கு ஒரு கமிட்டி போட்டாரு, இவருதான் தலைவர். மனுசன் கெட்டுட்டான்னு மேடையில பேசற மாதிரி பேசிட்டு விடாம, காசு எந்த எடத்துல கைமாறுதுன்னு பாத்திருக்காங்க. ஃபைல் தேங்கறது, கவர்மெண்டு தன்னால சமாளிக்க முடியாத அளவுக்கு கட்டுப்படுத்தற வேலைய தலையில போட்டுக்கறது, அதிகாரி இஷ்டத்துக்கு விடற முடிவு, சுத்தி சுத்தி விடற நடைமுறை. தப்பு காரியத்துக்கு இல்ல, நியாயமா நடக்கவேண்டியது சீக்கிரம் நடக்கவே ஜனங்க காசு குடுக்கறாங்க, அதுக்கு ஸ்பீடு மணின்னே பேரு. பிடிஓ ஆபீஸ்ல காலந்தள்ளுன எனக்கு இத யாரும் வெளக்க வேண்டியதில்ல, பட்டா மாத்த நடையா நடந்தவங்கள கேளு. அந்த கமிட்டி சொல்லித்தான் 1964ல மத்திய அரசு ஊழல கண்காணிக்கற மத்திய விஜிலென்ஸ் கமிஷன் வந்துச்சு, சட்ட அந்தஸ்து ஒழுங்கா கெடைக்க 2003 ஆச்சு, இன்னைக்கும் சிபாரிசுதான் பண்ணமுடியும், அது வேற கத.

அதவிட எனக்குப் புடிச்சது இன்னொன்னு. ரெண்டாவது நிதிக்குழுவுக்கு தலைவரா இருந்து மாநிலங்களுக்கு காசு பிரிச்சுக் குடுத்தவரு, பழைய காங்கிரஸ்காரரு, அவரே எழுதறாரு பாரு, அஞ்சாண்டுத் திட்டம் போட்ட திட்டக்கமிஷன் வந்து கூட்டாட்சிய ஓரங்கட்டிடுச்சுன்னு. தன் கட்சி ஆட்சியில இருக்கறப்பவே. பஞ்சாயத்துக்கு வருமானம் எங்கேர்ந்து வரும்னும் 1963ல ஒரு கமிட்டியில ஒக்காந்து பாத்திருக்காரு, வீட்டுவரி ரசீது போட்ட எனக்கு அதுல ஒரு தனி பாசம்.

இப்படி உள்ள பூந்து பாக்கறதுக்குத்தான் அரசியல் படிக்கணும், அதனால படி. ஆனா லைப்ரரியிலயே ஒக்காந்துடாத, லீவுல ஊருக்கு வந்து நம்ம ஊராட்சி வரவு செலவு நோட்ட ஒருதரம் பொரட்டு.

பீஸ், ஹாஸ்டல் எல்லாம் சேத்து எவ்ளோன்னு எழுதி அனுப்பு. உங்கம்மாகிட்ட நீயே பேசு, நான் சொன்னா எடுபடாது.

அப்பா