மணிமேகலை டீச்சரிடமும் சொல்

நியூ ஆர்லியன்ஸ், அமெரிக்கா
6.10.2019

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் கடிதம் வந்து ஒரு மாதம் ஆகிவிட்டது. இவ்வளவு நாள் ஒரு வரி எழுதாதது தப்புதான். உடம்பு நன்றாக இருக்கிறது. இரவிலும் ஓர் ஓட்டலில் வேலைக்குப் போகிறேன். அறையில் தனியே இருப்பதற்கு அது பரவாயில்லை.

சாப்பாட்டைப் பற்றிக் கேட்டிருந்தாய். இறாலும் வெண்டைக்காயும் போட்டு கம்போ என்று ஒரு குழம்பு, சோற்றில் ஊற்றித்தான் சாப்பிடுகிறார்கள். பக்கத்து வீட்டுக் கறுப்பினத்து அம்மா கிண்ணத்தில் கொடுத்தனுப்புவார். புளி மட்டும்தான் குறை.

அவரும் டீச்சராக இருந்தவர். நமக்குச் சுனாமி வந்த எட்டாம் மாதம், 2005 ஆகஸ்டில், இங்கே கத்ரீனா புயல். கரைச்சுவர்கள் உடைந்து ஊரில் 80 சதவீதம் மூழ்கியது. அவர் வாழ்ந்த லோயர் நைன்த் வார்டு, கறுப்பின மக்கள் சொந்த வீடு கட்டிக் குடியிருந்த இடம். இன்றும் அங்கே புல்லுக்கு நடுவில் வாசற்படி மட்டும் நிற்கும், வீடு இருக்காது.

புயலுக்குப் பயந்து வெளியே போனவர்கள் ஊர் திரும்புவதற்குள் 100-க்கும் மேற்பட்ட பள்ளிகளை மாநில அரசு எடுத்துக்கொண்டது. 7,000-க்கும் மேற்பட்ட ஊழியர்களுக்கு வேலை போனது. பெரும்பாலும் கறுப்பினத்தவர்கள், இவரும் ஒருவர். பள்ளிகள் ஒவ்வொன்றாகத் தனியார் குழுக்களின் கைக்குப் போயின. சார்ட்டர் பள்ளி என்கிறார்கள். பணம் அரசுடையது, நிர்வாகம் அவர்களுடையது. இந்த ஆண்டு மாவட்டப் பள்ளி வாரியமே நேரடியாக நடத்தும் பள்ளி ஒன்றுகூட இல்லை. மதிப்பெண் கூடியிருப்பது உண்மைதான். ஆனால் அவருடைய பேரனுக்குக் கணினிக் குலுக்கலில் ஊரின் மறுகோடியில் இடம் விழுந்தது. காலை ஆறு மணிக்கு முன்பே இருட்டில் பஸ்ஸுக்கு நிற்கிறான்.

அவர் வேலை பார்த்த பள்ளி திறக்கவே இல்லை. அந்த வகுப்பறைச் சாவி இன்னும் அவர் சமையலறை ஆணியில் தொங்குகிறது, துருவேறி. அதைக் காட்டியபோது எனக்கு மணிமேகலை டீச்சர் ஞாபகம் வந்தது. சுனாமிக்குப் பிறகு ஜனவரியில் பள்ளி திறந்த அன்று பதிவேட்டில் ராஜா பெயர் வந்ததும் படிக்க முடியாமல் எங்களோடு சேர்ந்து அழுதாரே. வேறு யாரோ புது ஆள் அந்தப் பெயரைப் படித்திருந்தால்? அன்று இரவு தூக்கமே இல்லை அம்மா. நம் கடல் சத்தம் கேட்க வேண்டும் போலிருந்தது.

சரி, கண்ணன் அண்ணனிடம் சொல், பாப்பாவை அவசரப்பட்டு டவுன் பள்ளிக்கு மாற்ற வேண்டாம். மணிமேகலை டீச்சர் இருக்கும்வரை அங்கேயே படிக்கட்டும். பணம் இம்மாதம் பத்து நாள் தள்ளி வரும், வேறொன்றும் இல்லை. ஐப்பசி மழைக்கு முன் கொல்லைப்பக்கத்துக் கூரை ஓடுகளை மாற்றிவிடு. சித்தப்பாவிடம் ஆள் கேள். அக்கா பிரசவத்துக்கு எப்போது வருகிறாள்?

அன்புடன்,
செல்வம்