குடிநீர் பவுசர் எங்கள் குடியேற்றத்துக்கும் வர வேண்டும்: அரசாங்க அதிபருக்கு மீண்டும் ஒரு மனு

அரசாங்க அதிபரும் மாவட்டத் தெரிவத்தாட்சி அலுவலருமாகிய உயர்திரு ஐயா அவர்கட்கு,

விடயம்: வாக்களித்த விதத்தைக் காரணம் காட்டிக் குடிநீர் மறுக்கப்படுவதும், பூர்வீகம், சாதி, மதம் சொல்லி வாக்குத் திரட்டப்படுவதும் தொடர்பாக

மதிப்பிற்குரிய ஐயா,

இதே விடயமாக நாங்கள் முன்பு கையளித்த மனுக்களுக்கு இன்றுவரை பதில் இல்லை. ஓரிடத்தில் கேட்டால் மேலே அனுப்பியாயிற்று என்கிறார்கள். மேலே கேட்டால் இது உள்ளூராட்சி சபையின் வேலை என்கிறார்கள். ஆகவே தங்கள் கைக்கே வந்து சேரும்படி பணிவோடு மீண்டும் எழுதுகிறோம்.

தாங்கள் எங்கள் பக்கத்தை நன்றாக அறிந்தவர். குளக்கட்டு வீதியால் வந்தால் முதலில் பழைய ஊர், கோயில், பாடசாலை. அப்புறம் சந்தி. சந்திக்கு அப்பால் காட்டோரமாக இருப்பது எங்கள் குடியேற்றம். 1977, 1983 வன்செயல்களில் மலையகத்திலிருந்து உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தவர்களும், அவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும்தான் இங்கே இருக்கிறோம். 2009 போரில் பழைய ஊர்ச் சனத்தோடு ஒன்றாகத்தான் இடம்பெயர்ந்தோம், ஒன்றாகத்தான் மெனிக் பாம் முகாமில் வரிசையில் நின்றோம்.

1. வைகாசி முடியும்போதே எங்கள் கிணறுகள் வற்றிவிடும். சோளகம் வீசத் தொடங்கினால் ஐப்பசி மழைவரை சொட்டுத் தண்ணீர் ஊறாது. குழாய்க்கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்க வைத்தால் கேத்திலின் அடியில் வெள்ளையாகக் கல் படிகிறது, வாயில் வைத்தால் கரிக்கிறது. அதைக் குடிக்க வேண்டாம் என்று சுகாதாரப் பகுதியினரே சொல்லியிருக்கிறார்கள். எங்களுக்கு இருக்கும் ஒரே குடிதண்ணீர், சபையின் பவுசர் வண்டி கொண்டுவந்து தாங்கியில் நிரப்பும் தண்ணீர்.

அந்தப் பவுசர் இப்போது சந்தியோடு திரும்பிப் போகிறது.

2. இது எப்போது தொடங்கியது என்பதைத் தாங்கள் கவனிக்க வேண்டும். உள்ளூராட்சி சபைகளின் காலம் 2023 மார்ச்சில் முடிந்தது. தேர்தல் தள்ளிப்போய், உறுப்பினர்கள் இல்லாமல் செயலாளரின் பொறுப்பில் சபை நடந்த காலம் முழுக்க, எங்கள் முன்பள்ளியடியில் உள்ள தாங்கிக்குப் பவுசர் ஒழுங்காக வந்தது. 2025 மே 6ஆம் திகதி நாங்கள் வரிசையில் நின்று வாக்களித்தோம். புதிய சபை வந்தது. அதன் பிறகுதான் பவுசர் நின்றது. ஏன் என்று கேட்கப்போன பெண்களுக்குக் கிடைத்த பதில், "நீங்கள் ஆருக்குப் போட்டனீங்களோ அவரிட்டையே போய்க் கேளுங்கோ." வட்டார முறையில் எந்தப் பக்கம் எவருக்கு விழுந்தது என்பதை வாக்காளர் இடாப்பைக் கையில் வைத்துக்கொண்டு வீடுவீடாகக் கணக்குப் பார்த்துவிடுகிறார்கள், ஐயா. மற்ற வேட்பாளருக்கு வாக்களித்த குற்றத்துக்குத் தண்ணீர் இல்லை என்றால், இரகசிய வாக்கு என்பதன் பொருள் என்ன?

3. சந்திக்குப் போய்த் தண்ணீர் பிடிக்கலாமே என்று ஒரு உத்தியோகத்தர் கேட்டார். போகிறோம். பழைய ஊர்க்காரர் பிடித்து முடியும்வரை நிற்கிறோம். மிஞ்சினால் கிடைக்கும். அங்கேயும் பல தாய்மார் இரக்கப்பட்டுத் தங்கள் கானைக் குறைத்து எங்களுக்கு விடுகிறார்கள், அதை நாங்கள் மறக்கவில்லை. ஆனால் இருபது லீற்றர் கானைச் சைக்கிள் கரியரில் கட்டி, மணல் ஒழுங்கையால் உருட்டிவருவது யார்? ஆண்கள் கூலிவேலைக்குப் போய்விடுவார்கள். பெண்களும் பள்ளிக்கூடப் பிள்ளைகளும்தான். விடியற்காலையில் போனால் யானை நிற்கும். யானைக்குப் பயந்து விடிந்தபின் போனால் தாங்கி காலி. பெரிய பிள்ளைகள் முதலாம் பாடத்துக்குப் போவதே இல்லை. மாதவிடாய் நாட்களில் பள்ளிக்கூடமே போவதில்லை. முன்பள்ளி மலசலகூடத்துக்குப் பூட்டுப் போட்டாயிற்று. சிறுநீரக வருத்தத்துக்கு மருந்தெடுக்கும் வயோதிபர்கள் எங்களிடையே இருக்கிறார்கள். நல்ல தண்ணீர் குடியுங்கள் என்று கிளினிக்கில் சொல்லி அனுப்புகிறார்கள். எங்கேயிருந்து குடிப்பது? தனியார் பவுசரில் வாங்கினால் ஒரு நாள் கூலி போய்விடும். பிள்ளைத்தாய்ச்சிப் பெண்கள் கான் தூக்குகிறார்கள், ஐயா. இதை எழுதவே எங்களுக்குக் கூச்சமாக இருக்கிறது. வாசிக்கும் தங்களுக்கும் சங்கடமாக இருக்க வேண்டும்.

4. இது ஒரு பவுசர்ச் சாரதியின் கோபமோ ஒரு உறுப்பினரின் குணமோ அல்ல. வாக்கு எப்படிக் கேட்கப்பட்டதோ அப்படித்தான் தண்ணீரும் பங்கிடப்படுகிறது. தேர்தலுக்கு முன் பழைய ஊரில் இரவுக் கூட்டம் வைத்து, "வடக்கத்தியான் வென்றால் காணி போய்விடும்" என்றார்கள். வடக்கத்தியான் என்று அவர்கள் சொல்வது மலையகத்திலிருந்து வந்த எங்களைத்தான். எங்களிடம் வந்தவர்களும் குளத்தைப் பற்றியோ வீதியைப் பற்றியோ பேசவில்லை. "உங்கட சனத்துக்கு உங்கட ஆள்" என்றுதான் பேசினார்கள். இரண்டு பேச்சும் ஒன்றுதான். 2024 நவம்பர் நாடாளுமன்றத் தேர்தலிலும் இதைக் கண்டோம். வன்னியில் 6 ஆசனம், ஒரு கட்சியின் பட்டியலில் 9 பேர், அவர்களில் தனக்கு விருப்பமானவர்களுக்கு ஒரு வாக்காளர் போடக்கூடிய விருப்பு வாக்கு மூன்று. ஒரே கட்சிக்காரரே ஒருவரையொருவர் முந்த வேண்டும் என்பதால், ஒருவர் சாதியைப் பிடிக்கிறார், ஒருவர் கோயிலை, ஒருவர் தேவாலயத்தை, ஒருவர் பள்ளிவாசலை. பூசை முடிந்த கையோடு வாக்குக் கேட்டதை நாங்கள் எழுத்தில் முறையிட்டோம். வழிபாட்டுக் கூட்டத்தில் வாக்குக் கேட்பது 1981ஆம் ஆண்டின் 1ஆம் இலக்க நாடாளுமன்றத் தேர்தல்கள் சட்டத்தில் குற்றம். அந்த முறைப்பாடு என்னவாயிற்று?

5. எங்கள் பெரியவர்களுக்கு வாக்கு சும்மா கிடைத்ததல்ல. 1947 தேர்தலில் மலையக மக்களின் வாக்கால் இலங்கை இந்தியக் காங்கிரசிலிருந்து 7 பேர் நாடாளுமன்றம் போனார்கள். 1948 குடியுரிமைச் சட்டத்தோடு குடியுரிமை போயிற்று, அடுத்து வாக்கும் போயிற்று. இவர்கள் ஒரு கூட்டமாக வாக்களிப்பார்கள் என்ற பயமும் அதற்கு ஒரு காரணம். 2003இல் சட்டம் வந்த பிறகே குடியுரிமை கிடைத்தவர்களும் எங்களுக்குள் உண்டு. அவர்களில் ஒரு மூதாட்டி இம்முறை வாக்களித்துவிட்டு வந்து, இப்போது கானோடு நிற்கிறார். "சபை இல்லாத காலம் நல்லாயிருந்தது, இனி நான் வோட்டுப் போடமாட்டன்" என்கிறார். எங்கள் இளைஞர்களும் அதையே சொல்லத் தொடங்கிவிட்டார்கள். அவர்களுக்கு நாங்கள் என்ன சொல்வது? தாங்களே சொல்லுங்கள்.

6. தண்ணீர். தண்ணீர்தான் ஐயா.

சபைக்குக் கட்டளையிடத் தங்களுக்கு அதிகாரம் இல்லை என்றே வைத்துக்கொள்வோம். அனர்த்த முகாமைத்துவப் பிரிவு தங்கள் செயலகத்தில்தான் இருக்கிறது. வரட்சிக் காலத்தில் அதன் மூலம் பவுசர் அனுப்பத் தங்களால் முடியும். வேறு இடங்களுக்கு அனுப்பியும் இருக்கிறீர்கள்.

ஆகவே, இந்தக் கிழமைக்குள் எங்கள் முன்பள்ளியடித் தாங்கிக்குப் பவுசர் அனுப்புமாறு கேட்கிறோம். எந்த ஒழுங்கைக்கு எந்த நாள் தண்ணீர் என்ற அட்டவணையைக் கிராம அலுவலர் தேவையைப் பார்த்துத் தயாரித்து, சந்தியிலும் பிரதேச செயலகத்திலும் ஒட்டச் செய்யுங்கள். வழிபாட்டிடப் பிரசாரம் பற்றிய எங்கள் முறைப்பாட்டுக்கு எழுத்தில் பதில் தாருங்கள். மாகாண சபையின் காலம் 2018இல் முடிந்து இன்னும் தேர்தல் இல்லை. அது எப்போது வந்தாலும், பூர்வீகம் சொல்லி ஆட்களைப் பிரிக்கும் துண்டுப்பிரசுரத்தையும் இரவுக் கூட்டத்தையும் முதல் நாளிலேயே தடுக்கும் ஒழுங்கு தங்களிடம் இருக்க வேண்டும்.

மற்றவை பொறுக்கும். தண்ணீர் பொறுக்காது. பதில் கடிதம் எழுத நேரமில்லையென்றால் எழுத வேண்டாம், பவுசரை அனுப்புங்கள். தயவுசெய்து அனுப்புங்கள், ஐயா.

இங்ஙனம்,
தங்கள் உண்மையுள்ள,
செயலாளர்,
மாதர் கிராம அபிவிருத்திச் சங்கம்
(குடியேற்ற மக்களின் கையொப்பங்கள் இணைக்கப்பட்டுள்ளன)

பிரதி: தேர்தல்கள் ஆணைக்குழு, இராஜகிரிய