தோட்டக் கோயில் நிர்வாகத்தினருக்கு: இந்தத் திருவிழாவில் பெரியவர்களைப் பேச வையுங்கள்

மலேசியத் தோட்டக் கோயில்களின் தலைவர்களுக்கும் செயலாளர்களுக்கும் வணக்கம்.

ஜப்பான்காரன் காலத்தை நேரில் பார்த்தவர்கள் இன்று நம்மிடையே ரொம்பக் குறைவு. 1941 டிசம்பர் 8 அன்று கோத்தா பாருவில் ஜப்பானியப் படை இறங்கியபோது ஏழெட்டு வயதுப் பிள்ளையாக இருந்தவருக்கு இப்போது 90 தாண்டிவிட்டது. அவர் சொல்லக் கேட்டு வளர்ந்த பிள்ளைகளுக்கே 60, 70 ஆகிறது. இவர்களின் நினைவுகளைப் பதிவு செய்யுங்கள் என்று பல்கலைக்கழகத்துக்கு எழுதாமல் உங்களுக்கு ஏன் எழுதுகிறேன் என்றால், தோட்டங்கள் துண்டாடப்பட்டு, ரப்பர் போய்ச் செம்பனை வந்து, அதுவும் போய் வீடமைப்புப் பகுதியாகி, லயத்துச் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளின்) சனமெல்லாம் கிள்ளான், ஈப்போ, ஜொகூர் என்று சிதறிய பிறகும் அவர்கள் ஒன்றாகக் கூடுவது உங்கள் திருவிழாவில்தான். வேறு யார் கூப்பிட்டாலும் இத்தனை பேர் வர மாட்டார்கள்.

சயாம் மரண ரயிலையே எடுத்துக்கொள்ளுங்கள். சயாமுக்கும் (இன்றைய தாய்லாந்து) பர்மாவுக்கும் இடையே ஜப்பானியர் 1942-43இல் போட்ட 415 கிலோமீட்டர் பாதை அது. அங்கே வேலை வாங்கப்பட்ட நேசநாட்டுப் போர்க் கைதிகளில் 12,000க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். தாய்லாந்தின் காஞ்சனாபுரி கல்லறையில் அந்தக் கைதிகளில் கிட்டத்தட்ட 7,000 பேருக்கு வரிசை வரிசையாகக் கற்கள் இருக்கின்றன. மலாயாவிலிருந்து கொண்டுபோகப்பட்டவர்களில் பெரும்பாலோர் நம் தோட்டத்து ஆட்கள். காலராவிலும் மலேரியாவிலும் பசியிலும் மாண்ட அவர்கள் எத்தனை பேர் என்பதற்கு இன்றும் மதிப்பீடு மட்டும்தான், முழுப் பெயர்ப் பட்டியல் கிடையாது. "பெரியப்பா சயாமுக்குப் போனார், திரும்பி வரல" என்று ஏதோ ஒரு வீட்டில் ஒரு பாட்டி சொல்வது மட்டுமே அந்த மனிதருக்கு இருக்கும் ஒரே பதிவாக இருக்கலாம். அந்தப் பெரியப்பாவின் பெயரையாவது எழுதி வைக்க வேண்டாமா?

ஆனால் "போரைப் பற்றிச் சொல்லுங்க" என்று கேட்டால் பலரும் "எனக்கு என்னப்பா தெரியும்" என்று சொல்லிவிடுவார்கள். போர் என்றால் பட்டாளத்துக்காரர்கள் சமாச்சாரம் என்று அவர்களுக்கு நினைப்பு. அப்போது என்ன சாப்பிட்டீங்க என்று கேளுங்கள். அரிசி வராமல் மரவள்ளிக்கிழங்கே சாப்பாடானது, துணியில்லாமல் சாக்கை உடுத்தியது, வாழைமரம் போட்ட ஜப்பான் நோட்டு 1945இல் வெறும் காகிதமானது எல்லாம் தானாக வரும். ஆண்பிள்ளைகள் சயாமுக்குப் போன வீடுகளில் பெண்கள் எப்படிப் பிழைத்தார்கள், பிரசவம் பார்த்தது யார், பள்ளிக்கூடம் நடந்ததா, அந்த வருஷங்களில் திருவிழா எடுத்தார்களா, நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்துப் பெண்கள் பிரிவான ஜான்சி ராணிப் படையில் சேர்ந்த பெண் யாராவது உங்கள் லயத்தில் இருந்தாளா என்று கேளுங்கள். தேதி தப்பாகச் சொன்னால் குறுக்கே திருத்தாதீர்கள், அதை அப்புறம் சரிபார்க்கலாம்.

ஒரு விஷயத்தில் மட்டும் கவனம் வேண்டும். எந்தக் கங்காணி (தொழிலாளர் மேற்பார்வையாளர்), எந்தக் கிராணி (தோட்ட எழுத்தர்) யார் பெயரைக் கொடுத்துச் சயாமுக்கு அனுப்பினார் என்ற பேச்சும் வரும். அந்தக் குடும்பங்கள் இன்று ஒன்றுக்குள் ஒன்றாகச் சம்பந்தம் செய்துகொண்டவர்களாகக்கூட இருப்பார்கள். பதிவு செய்யுங்கள், ஆனால் அதை இப்போது வெளியிடலாமா கூடாதா என்பதைச் சொன்னவரே முடிவு செய்யட்டும். அழுதால் நிறுத்திவிடுங்கள்.

சிங்கப்பூரில் 1979லேயே வாய்மொழி வரலாற்றுக்கென்று அரசே தனிப் பிரிவு தொடங்கி, ஜப்பானியர் காலத்தை அனுபவித்தவர்களைப் பேச வைத்துப் பதிவு செய்தார்கள். நமக்கு அவ்வளவு பெரிய ஏற்பாடு தேவையில்லை. அன்னதானம் முடிந்த பிறகு, ஒலிபெருக்கிச் சத்தம் எட்டாத ஓர் அறை, ஒரு கைப்பேசி, பொறுமையாகக் கேட்கத் தெரிந்த இரண்டு இளைஞர்கள் போதும். பேசுபவரின் பெயர், பிறந்த தோட்டம், வயது இவற்றை முதலில் சொல்ல வைத்துவிட்டால் பிற்பாடு குழப்பம் வராது. கோயிலின் பழைய வரவுசெலவுக் கணக்கு நோட்டுகள், நன்கொடைப் பட்டியல்கள், திருவிழாப் படங்கள் எது இருந்தாலும் படமெடுத்து வையுங்கள். கோயிலை இடம் மாற்றும்போது முதலில் குப்பைக்குப் போவது அவைதான்.

பதிவின் ஒரு பிரதி குடும்பத்துக்கு, ஒன்று கோயிலுக்கு, சொன்னவர் சம்மதித்தால் இன்னொன்று தேசிய ஆவணக் காப்பகத்துக்கு. திருவிழா அழைப்பிதழ் அச்சுக்குப் போவதற்கு முன்னால் "உங்கள் வீட்டுப் பெரியவர்களைக் கட்டாயம் அழைத்து வாருங்கள், பேசிப் பதிவு செய்ய இருக்கிறோம்" என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். வர முடியாதவர்களின் வீட்டு முகவரியையும் அன்றைக்கே வாங்கி வைத்துக்கொண்டு, அந்த மாதத்துக்குள் நேரில் போய்ப் பாருங்கள்.